தமயந்தியின் மூன்று கருத்துகள்

சென்னியப்பன் கருத்துச் சொல்லாமல் விட்டுவைத்த பொருள் என்று இந்த உலகத்தில் அநேகமாக எதுவும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார். பிரஷ் கம்பெனியின் செயலி பல் தேய்ப்பதற்கு எதற்காக இருப்பிட அனுமதி கேட்கிறது என்பது முதல் கருத்து. பால் செயலியில் 'இன்று வேண்டாம்' என்ற பொத்தானை எந்த மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது காபிக்கு முந்தைய கருத்து. காபி உள்ளே போன பிறகு வருவதெல்லாம் கட்டுரை அளவுக்குப் போகும்.

கோவையின் கணபதிப் பகுதியில், மாடி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு 'சென்னி சொல்வது' என்ற தளத்தைப் பத்தொன்பது வருஷமாக நடத்திவந்தார். நாளுக்கு ஒரு விமர்சனம். எதுவாக இருந்தாலும் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரத்தைத் தாண்டிக் கொடுத்ததில்லை. படிக்கிறவர்கள் கூட்டமும் சின்னதில்லை. அவர் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தால் பெங்களூரில் யாரோ ஒரு மேலாளருக்குத் தூக்கம் கெடும் என்று பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான் என்பது வேறு விஷயம்.

எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவருடைய வழக்கம். கேட்பதற்கு வீட்டில் தமயந்தி இருந்தாள். இருபத்து நாலு வருஷமாக இருந்தாள். ஒரு கல்லூரியில் நூலகராக வேலை பார்த்தவள். கல்லூரி நூலகத்தைச் செயலியாக மாற்றியபோது அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் செயலிக்குச் சென்னியப்பன் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். தேடல் வேகமாக இருந்ததாம். அதற்குப் பிறகு தமயந்தி முழுநேரமும் வீட்டில் இருந்ததால், கேட்க ஆள் எப்போதும் கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. அவள் சமையலறையில் இருந்தபடியே 'ம்' என்பாள், 'அப்படிங்களா' என்பாள். நல்ல வாசகி என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் தன் கொள்கையை மறந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது மனமறி என்ற செயலி.

மனமறியை இன்றைக்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் வந்த புதிதில் நிறையப் பேர் கூச்சல் போட்டார்கள். ஒருவர் நினைவில்லாமல் கிடக்கும்போது அவருக்காக முடிவெடுப்பது யார்? முன்பெல்லாம் புருஷன், பெண்டாட்டி, மகன் என்று காகிதத்தைக் காட்டியவர்கள் எடுத்தார்கள். புதுச் சட்டம் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. அவருடைய மனசை அறிந்தவர் யாரோ அவர்தான் எடுக்க வேண்டும் என்றது. எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை மனமறி சோதிக்கும். நம்முடைய பேச்சையும் எழுத்தையும் அது கேட்டுக்கொள்ள நாம் எல்லோரும் ஒரு நாள் ஏதோ அவசரத்தில் சம்மதம் கொடுத்துத் தொலைத்திருக்கிறோம். அதிலிருந்து மூன்று சாதாரணக் கேள்விகளை எடுக்கும். பெரிய விஷயங்களைப் பற்றி மனிதர்கள் மற்றவர்களுக்காகக் கருத்து வைத்துக்கொள்கிறார்கள், சின்ன விஷயங்களில்தான் உண்மையாக இருக்கிறார்கள் என்பது அதன் கணக்கு.

இதைச் சென்னியப்பன் மூன்று பகுதிகளாகப் பாராட்டி எழுதினார். கல்யாண சர்டிபிகேட்டை எந்தக் கடையிலும் அச்சடித்துக்கொள்ளலாம், ஒரு மனுஷியின் மனசை அறிந்திருப்பதை அச்சடிக்க முடியாது என்ற வரியை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். வாய்விட்டுப் படித்தபோது தமயந்தியும் 'ம்' என்றாள்.

அவள் கழுத்தில் கட்டி வந்தபோது ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். பதினான்கு ஆஸ்பத்திரிகளின் தளங்களை ஒப்பிட்டார். கடைசியில் தேர்வான ஆஸ்பத்திரியின் தளம் ஒரு நொடிக்குள் திறந்தது. நல்ல வேளையாக அங்கே டாக்டர்களும் நல்லவர்களாக அமைந்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை எட்டரைக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. தமயந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அப்போது அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த அடையாளப் பட்டையின் எழுத்துரு எவ்வளவு மோசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூஜ்யத்துக்கும் ஆங்கில 'ஓ'வுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் இதைவிட ஆபத்து வேறென்ன இருக்கிறது என்றார். அவர் முடிப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது.

பத்தரை மணிக்கு டாக்டர் இம்தியாஸ் பச்சை உடுப்போடு வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றாமலே பேசினார்.

"கட்டி குரல் நரம்பைச் சுத்திப் பிடிச்சிருக்கு சார். ஸ்கேன்ல இவ்வளவு தெரியல. ரெண்டு வழி இருக்கு. நரம்போட சேர்த்து எடுத்துட்டா சுத்தமா முடிஞ்சிடும். ஆனா குரல் போயிடும், வெறும் காத்துதான் வரும். நரம்பை விட்டுட்டுச் செதுக்கி எடுத்தா குரல் தப்பிச்சிடும். கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதுக்கு மருந்து, அஞ்சு வருஷம் செக்கப். உயிருக்கு ரெண்டுலயும் பெரிய வித்தியாசம் இல்ல. அவங்களுக்கு எது வேணும்ங்கறதுதான் கேள்வி. இருபது நிமிஷம் காத்திருக்க முடியும்."

முதல் நிமிஷம் சென்னியப்பன் வெறும் புருஷனாகத்தான் இருந்தார். அது உண்மை. ஆனால் இரண்டாவது நிமிஷமே அவருக்குள் இருந்த விமர்சகர் எழுந்துகொண்டார். இரண்டு தேர்வுகளை ஒப்பிடுவது அவருக்குப் புதிதா என்ன?

"சுத்தமா எடுத்துடுங்க டாக்டர்," என்றார். "மிச்சம் வைக்கறது சரியான முறையே இல்லீங்க. குரலுக்கு இப்ப எத்தனையோ செயலி வந்தாச்சு. அவ எழுதினா அவ குரல்லயே பேசும். நான் மூணு செயலி பாத்திருக்கேன், ஒண்ணு பரவாயில்ல."

அந்த முடிவைத் தான் ஏற்பதற்கு முன் மனமறி அவரைச் சோதித்தாக வேண்டும், சட்டம் அப்படி என்று டாக்டர் சொன்னார். தெரியும் என்று சென்னியப்பன் தலையாட்டினார். அந்த நிலையிலும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. இந்தச் சட்டத்துக்காக எழுதியவர்களில் தானும் ஒருவன் என்று டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தார். டாக்டர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

சிஸ்டர் பிரிஸில்லா டேப்லெட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். முப்பது வயதிருக்கும். இந்த வேலையைத் தினமும் செய்கிறவளின் அலுப்பு முகத்தில் இருந்தது. மனமறி தணிந்த குரலில் கேட்டது. தமயந்தி தன் வீட்டு மிக்ஸியைப் பற்றி என்ன நினைக்கிறார்? கல்லூரி நூலகச் செயலியைப் பற்றி என்ன நினைக்கிறார்? ஒரு கம்பெனியிடம் விஷயம் சொல்ல வேண்டுமானால் எழுதி அனுப்புவதை விரும்புவாரா, போனில் பேசுவதையா? ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்ல வேண்டும்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமா? மிக்ஸி பழைய மாடல், லாரி மாதிரி சத்தம், அதை மாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கிறாள் என்றார். நூலகச் செயலி வேகமானது, வகைப்படுத்தியதில் மட்டும் குறை என்றார். மூன்றாவதற்கு அவருடைய பதில் ஒரு சின்னச் சொற்பொழிவாகவே நீண்டது. ஹெல்ப்லைன் வைத்திருக்கும் கம்பெனி தன் தளத்தை ஒழுங்காகக் கட்டத் தெரியாத கம்பெனி, போனில் காத்திருப்பது மனித ஆயுளை வீணாக்குவது, எழுத்துதான் நாகரிகம் என்று முடித்தார்.

டேப்லெட்டில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு இரண்டு வரிகள் வந்தன.

'நீங்கள் சொன்னவை சென்னியப்பனின் கருத்துகள். ஒப்புமை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. தமயந்தியின் கருத்துகளைச் சொல்லவும்.'

"இதுல ஏதோ பிழை இருக்குதுங்க சிஸ்டர்," என்றார்.

"இன்னொரு தடவை சொல்லலாம் சார். ரெண்டு தடவைதான். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் பிரிஸில்லா.

நிதானமாக யோசித்தார். தமயந்தி கடைசியாக எதையாவது நன்றாயிருக்கிறது என்று சொன்னது எப்போது? அவள் குரலில் ஒரு முழு வாக்கியத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். 'ஏனுங்க, சாப்பிட வாங்க' வந்தது. 'ம்' வந்தது. 'அப்படிங்களா' வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பல வருஷத்துக்கு முன் விமர்சித்த ஒரு செயலியின் மூன்றாவது பதிப்பில் என்ன மாறியது என்பதெல்லாம் அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. மனைவி ஒரு மிக்ஸியைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. அவருக்குப் பயம் வந்தது. கட்டி என்று கேள்விப்பட்ட அன்றுகூட இவ்வளவு பயம் வரவில்லை.

கடைசியில், தன் கருத்துக்கு நேர் எதிராகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மிக்ஸி அவளுக்குப் பிடிக்கும் என்றார். ஏன் என்று கேட்டது. மோட்டார் வலுவானது என்றார். செயலி பிடிக்காது என்றார். ஏன் என்று கேட்டது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். போன்தான் பிடிக்கும் என்றார், அதற்குக் காரணம் அவருக்குச் சொல்லவே வரவில்லை. ஒப்புமை பதினாலு என்று வந்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. 'மனமறிந்தவர் கிடைத்தார்: மாரிச்செல்வி, கோவில்பட்டி. தொடர்பு: வாடிக்கையாளர் சேவை. அழைக்கலாமா?'

அது அவர்கள் வீட்டு மிக்ஸியைச் செய்யும் கம்பெனியின் ஹெல்ப்லைன். அந்த ஹெல்ப்லைனை மூட வேண்டும் என்று சென்னியப்பன் பதினோரு கட்டுரை எழுதியிருந்தார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கம்பெனி அனுப்பியதும், அந்தச் செய்தியைத் தன் தளத்தின் முகப்பில் போட்டு வாசகர்களுக்கு நன்றி சொன்னார்.

"ஒரு மிக்ஸி கம்பெனிக்காரி என் சம்சாரத்துக்கு முடிவு பண்றதா? நான் புருஷனுங்க."

பிரிஸில்லா அவரைக் கோபமில்லாமல் பார்த்தாள். "போன வாரம் ஒருத்தருக்கு முடிவெட்டற கடைக்காரர் வந்தார் சார். சொந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் இதே பெஞ்சில உக்காந்திருந்தாங்க. எட்டு நிமிஷம்தான் இருக்கு. கூப்பிடவா?"

அவர் தலையாட்டினார்.

நாலாவது மணியில் மாரிச்செல்வி எடுத்தாள். இளம் குரல். வணக்கம் சொல்லி, கம்பெனி பெயர் சொல்லி, மிக்ஸியா கிரைண்டரா என்று கேட்டாள். பிரிஸில்லா விஷயத்தைச் சொன்னாள். தமயந்தி அக்காவுக்கா என்று மட்டும் மாரிச்செல்வி கேட்டாள். மனமறி தன் மூன்று கேள்விகளையும் அவள் முன் வைத்தது.

"அந்த மிக்ஸின்னா அக்காவுக்கு உசுரு," என்றாள் மாரிச்செல்வி. "சத்தம் கூடுதலா இருக்கு, மாத்தித் தரட்டுமான்னு நானே மூணு தடவ கேட்டிருக்கேன். வேண்டாம்னுட்டாங்க. அது ஓடுத நேரந்தான் வீட்டுல நிம்மதியா ஒரு நினைப்பு நினைக்க முடியுதுன்னு சொல்லுவாங்க. சில நாளு உள்ள ஒண்ணுமே போடாம வெறுமனே ஓட விடுவாங்க. அதான் மோட்டாரு சூடாவும். ரிப்பேருன்னு ஒண்ணும் கெடையாது."

சென்னியப்பன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் பேச ஆரம்பித்ததும் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். அது சட்னிக்காக என்று இருபத்து நாலு வருஷம் நினைத்திருந்தார். அத்தனை சட்னி யார் சாப்பிட்டது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அந்த லைப்ரரி ஆப்ப அக்கா குத்தமே சொல்ல மாட்டாங்க. தேடுனது உடனே கெடைக்குதும்பாங்க. ஆனா தேடாதது கெடைக்க மாட்டேங்குதாம். புள்ளைங்க ஒரு புஸ்தகத்துக்கு வந்து வேற புஸ்தகத்தோட போவுமாம், அத கையில எடுத்துக் குடுத்தது அக்கா. மூணாவது என்ன கேட்டீங்க? எழுதி அனுப்புறதா, பேசுறதா? சாட்ல போடுங்கக்கா, உடனே பதிலு வந்துருமேன்னு நானும் சொல்லிப் பாத்தேன். பதிலு யாருக்கு வேணும் மாரி, காது குடுத்துக் கேக்க ஒரு ஆளு வேணும்னுதான கூப்பிடுதேன்னாங்க."

ஒப்புமை தொண்ணூற்றேழு. டாக்டரின் இரண்டு வழிகளையும் பிரிஸில்லா அவளுக்கு விளக்கினாள். மாரிச்செல்வி அழுகிறாள் என்பது போனிலேயே தெரிந்தது. நான் வெறும் மிக்ஸி கம்பெனியில் இருக்கிறவள், அக்கா வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றாள். கேட்டாகிவிட்டது என்றாள் பிரிஸில்லா.

"அப்ப குரல விட்டுருங்க," என்றாள் மாரிச்செல்வி. "அதுல கைய வைக்க வேண்டாம். அஞ்சு வருசம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போறதெல்லாம் அக்காவுக்கு ஒரு கஷ்டமும் கெடையாது, நாலு பேருகிட்ட பேசலாம்லா. சார் அங்க இருக்காங்களா? சாருக்குச் சம்மதமா?"

சட்டப்படி அவருடைய சம்மதம் யாருக்கும் தேவையில்லை. இருந்தாலும் பிரிஸில்லா போனை அவர் பக்கம் திருப்பினாள். சென்னியப்பனிடம் அப்போதும் நான்கு வாதங்கள் தயாராக இருந்தன. மிச்சம் வைப்பதன் அபாயம் பற்றி ஒன்று, செயலிகளைப் பற்றி இரண்டு, மனமறியின் வடிவமைப்பைப் பற்றி ஒன்று. ஒன்றையும் சொல்லாமல், "சரிங்க," என்றார்.

ஆபரேஷன் முடிய மத்தியானம் ஆனது. நரம்பு பத்திரமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். குரல் வரும், முதலில் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். ஆனால் பதினைந்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, முனகக்கூடக் கூடாது என்றார். சென்னியப்பன் பாத்ரூமுக்குப் போய்க் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு அழுதார். அந்தக் குழாய் கையை நீட்டினால்தான் தண்ணீர் விடும் வகை, இரண்டு நொடியில் நின்று நின்று போனது. அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு அரை மணி இருந்தது. மாரிச்செல்விக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாட்டில் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தார். மிக்ஸிக்கு ஒன்றை அழுத்தவும் என்றது, அழுத்தினார். காத்திருக்கச் சொன்னது. ஆறு நிமிஷம் வீணை இசை ஓடியது, காத்திருந்தார். அவள் எடுத்ததும், குரல் தப்பிவிட்டது, நல்லபடியாக முடிந்தது, ரொம்ப நன்றி என்று சொன்னார்.

மாரிச்செல்வி கும்பிடுகிற சாமிக்கெல்லாம் நன்றி சொன்னாள். பிறகு, "சார், உங்க குரல நான் எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு," என்றாள். "சரி, அது கெடக்கட்டும். ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அக்கா எப்ப பேசுனாலும் பின்னாடி ஒரு ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும் சார். அந்த ஆப் சரியில்ல, இந்த வெப்சைட்டு சரியில்லன்னு ஒருத்தர் விடாம பேசுவாரு. அத அணைச்சிருங்கக்கான்னா, அதுக்கு சுவிட்சு இல்ல மாரின்னு சிரிப்பாங்க. அக்காவுக்கு அந்த ரேடியோ பாவம்னும் இருக்கு போல. நடுவுல நடுவுல அதுக்கு 'ம்' போடுவாங்க. பதினஞ்சு நாளைக்கு அந்த ரேடியோவ அக்கா பக்கத்துல வைக்காதீங்க சார். அது பேசுனா இவங்களால 'ம்' போடாம இருக்க முடியாது. தொண்டைக்கு ஆகாது."

சென்னியப்பன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வைக்க மாட்டேனுங்க," என்றார். "நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனபோது தமயந்தி விழித்திருந்தாள். கழுத்தைச் சுற்றிக் கட்டு, பக்கத்தில் எழுதிக் காட்டுவதற்கு ஒரு சின்னப் பலகையும் பேனாவும். கட்டிலுக்கு மேலே ஒரு திரையில் அவளுடைய நாடித் துடிப்பு, மூச்சு, மருந்து எல்லாம் நாலு நிறத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு மோசமான திரையைச் சென்னியப்பன் பார்த்ததே இல்லை. அவர் கண் அங்கே போனதை அவளும் பார்த்தாள். தலையணையில் தலையைச் சரியாக வைத்துக்கொண்டு, கேட்பதற்குத் தயாரானாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. தமயந்தி முதலில் திரையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அரை மணி ஆனபோது அவள் நெற்றி சுருங்கியது. பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு பலகையில் எழுதிக் காட்டினாள். 'ஏனுங்க, உங்களுக்கு உடம்புக்கு என்ன?'

ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் நம்பவில்லை. கையை நீட்டி நர்ஸைக் கூப்பிடும் மணியை அழுத்தினாள். பிரிஸில்லா ஓடிவருவதற்குள் தமயந்தி பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதி, பலகையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள்.

'அரை மணியாக இவர் ஒன்றுமே பேசவில்லை. சீக்கிரம் டாக்டரைக் கூப்பிடுங்கள்.'